கூவத்தில் குழாய் எண்ணப் போனேன்

அண்ணா சதுக்கத்தில் பேருந்தை விட்டு இறங்கியபோது காலை ஏழு மணி. மாசி மாதம். மழை ஓய்ந்து பல வாரங்கள் ஆகிவிட்டன. வேண்டுமென்றேதான் இந்த மாதம் வந்தேன். ஐப்பசி கார்த்திகையில் போய்ப் பார்த்தால் எந்தச் சாக்கடையும் ஆறு போலத்தான் இருக்கும். கூவத்தில் உண்மையாகவே என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் வானம் காய்ந்திருக்க வேண்டும்.

சட்டைப்பையில் ஒரு காகிதம். அதில் சில ஆண்டுகளை எழுதி வைத்திருந்தேன். 1967: முதல்வர் அண்ணா கூவம் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கினார். 1973: முதல்வர் கருணாநிதி காலத்தில் கூவத்தில் படகு விடப்பட்டது. 1996: மேயர் ஸ்டாலின் சிங்காரச் சென்னை என்றார். 2000ஐ ஒட்டி ஒன்றிய அரசின் பணத்தோடு நகர நதிகள் பாதுகாப்புத் திட்டம். 2009-10: துணை முதல்வர் ஸ்டாலின் சிங்கப்பூர் போய் அங்குள்ள நதியைப் பார்த்துவிட்டு வந்தார். அதே போல இங்கும் ஆகும் என்றார்கள். 2014-15: முதல்வர் ஜெயலலிதா ஆட்சியில் 1,934.84 கோடி ரூபாயில் ஒருங்கிணைந்த கூவம் மறுசீரமைப்புத் திட்டம். 2021: சிங்காரச் சென்னை 2.0.

இத்தனை பேர் இத்தனை முறை சொன்ன ஒரு வேலை எவ்வளவு நடந்திருக்கிறது? முகத்துவாரத்தில் ஆரம்பித்து மேற்கே ஆற்றோரமாக நடந்து பார்ப்பது, கால் ஒத்துழைத்தால் அரும்பாக்கம் வரை போவது என்று திட்டம். அறிக்கைகள் எதையும் கையில் எடுத்துக்கொள்ளவில்லை.

பேருந்து நிலையத்திலிருந்து நேப்பியர் பாலத்துக்கு வடக்கே பொடிநடையாகப் பத்து நிமிடம். வழியில் வலதுபுறம் தலைவர்களின் நினைவிடங்கள். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி. நால்வரில் மூவர் கூவத்துக்குத் திட்டம் அறிவித்தவர்கள். காலையிலேயே ஒரு பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் வந்திருந்தது. பணியாளர்கள் பளிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். புல்லுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஜெயலலிதா நினைவிடம் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது, அவர் இறந்து நான்கு ஆண்டில். கருணாநிதி நினைவிடம் 2024 பிப்ரவரியில், அவர் இறந்து ஆறு ஆண்டுக்குள். கல்லில் செய்கிற வேலை என்றால் அரசுக்குத் தேதி தவறுவதில்லை. இதை வாசலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு மேலே நடந்தேன்.

வாசலில் டீ விற்கும் அக்காவிடம் ஒரு டீ வாங்கினேன். பதினைந்து ரூபாய். "ஆத்துல நாத்தம் கொறைஞ்சிருக்காக்கா?" என்று கேட்டேன். "காத்து எந்தப் பக்கம்னு பாத்துச் சொல்லணும் சார்" என்றார். "கடல் காத்து அடிச்சா ஆறு க்ளீனாயிடும். நைட்டு திரும்புச்சுன்னா தெரியும்."

நேப்பியர் பாலத்தை 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு அலங்கரித்தது நினைவிருக்கும். உலகமே படம் எடுத்தது. பாலத்தின் வில் வளைவுகளைத்தான் எடுத்தார்கள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து யாரும் கீழே எடுக்கவில்லை. நான் சாய்ந்து பார்த்தேன். தண்ணீர் கறுப்பாக இருந்தது. ஓடவில்லை. அங்கங்கே அடியிலிருந்து குமிழி வந்து உடைந்தது. அடியில் படிந்த சகதி அழுகி வாயு விடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

கிழக்கே கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் ஆறு போய்ச் சேர முடியவில்லை, நடுவில் மணல் திட்டு. இதற்குக் காரணம் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டிக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கே சேர்ந்தது. மெரினா அகலமானது அப்படித்தான். அதே மணல்தான் கூவத்தின் வாயையும் அடைக்கிறது. மணலை அள்ளுவதற்கு ஒரு பொக்லைன் நின்றிருந்தது. டிரைவர் இருக்கையில் யாரும் இல்லை. அள்ளினால் திறக்கும், விட்டால் மூடும். ஆற்றில் தண்ணீர் வேகமாக வந்தால் அதுவே மணலைத் தள்ளிவிடும். வேகமாக வர மேலே நல்ல தண்ணீர் வேண்டும். அதைத் தேடித்தான் மேற்கே போகிறேன்.

பாலத்துக்கு மேற்கே பார்த்தால் இன்னொரு காட்சி. ஆற்றுக்குள் மண் கொட்டித் திடல் போட்டு, அதன் மேல் தூண் வேலை நடக்கிறது. துறைமுகம்-மதுரவாயல் உயர்மட்டச் சாலை. இன்று முழுக்க இந்தத் தூண்கள் கூடவே வரப்போகின்றன என்பதால் அதன் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012இல் அ.தி.மு.க. அரசு, தூண்கள் ஆற்றின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்று சொல்லி வேலையை நிறுத்தியது. வழக்கு நடந்தது. பாதி எழும்பிய தூண்கள் பத்து ஆண்டு வெயிலிலும் மழையிலும் நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி அதே சாலைக்கு மறுபடி அடிக்கல் நாட்டினார். இப்போது ஈரடுக்கு, ஏறக்குறைய இருபதரை கிலோமீட்டர், 5,800 கோடிக்கு மேல். தூண் ஆற்றுக்கு ஆகாது என்று ஒரு காலத்தில் அரசே சொன்னது. இப்போது அதே ஆற்றில் மறுபடி தூண் வேலை நடக்கிறது. ஆற்றை மீட்கும் திட்டமும் ஆற்றுக்குள் தூண் நடும் திட்டமும் ஒரே கரையில், ஒரே நேரத்தில், இரண்டும் மக்கள் பணத்தில்.

தீவுத்திடலைச் சுற்றிக்கொண்டு அண்ணா சாலையின் பெரியார் பாலத்துக்கு வந்தேன். ஒன்றரை கிலோமீட்டருக்குக் குறையாது. ஆற்றோரமாகவே நடக்க முடியாது, பாதி தூரம் வேலி, பாதி தூரம் அரசு வளாகச் சுவர். பாலத்தின் மேல் ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வலை அடித்திருக்கிறார்கள். குப்பை எறியாமல் இருக்க என்று வைத்தது. பயன் இருக்கிறது, பாலத்தின் நேர் கீழே குப்பை குறைவு. வலை முடிகிற இடத்தில் குப்பை ஆரம்பிக்கிறது.

சிந்தாதிரிப்பேட்டைக்குள் நுழைந்தேன். 1730களில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை. மூன்று பக்கமும் கூவம் வளைத்துக்கொண்டு போகிறது. நூலும் சாயமும் வைத்துப் பிழைப்பவர்களுக்கு ஆற்றங்கரையில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அன்று அந்தத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும்! இன்று பறக்கும் ரயில் நிலையத்தின் நிழலில் நின்று பார்த்தால் சாயத்துக்கே தேவையில்லாத நிறம்.

இங்கேதான் முதல் வடிகாலை நின்று பார்த்தேன். ஆற்றின் கரைச்சுவரில் ஒரு சதுர வாய், நான்கடி அகலம் இருக்கும். கான்கிரீட் புதிதாகத்தான் இருக்கிறது. இது மழைநீர் வடிகால். தெருவில் விழும் மழையை ஆற்றுக்குக் கொண்டுவர மாநகராட்சி கட்டுவது. மழை பெய்து வாரக்கணக்கில் ஆகிவிட்டது என்று முன்பே சொன்னேன். அப்படியானால் வடிகால் காய்ந்து கிடக்க வேண்டும். காயவில்லை. கணுக்கால் அளவுக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. சோப்பு நுரை, நெத்திலி கழுவிய வாசனை, கூடவே மலவாடை. மழையில்லாத மாதத்தில் மழைநீர் வடிகாலில் ஓடுவது வீட்டுக் கழிவுநீர் என்று கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம்.

அதன் பிறகு அன்று முழுக்க நான் செய்த வேலை இதுதான். கரையில் எங்கெல்லாம் இறங்க முடிந்ததோ அங்கெல்லாம் நின்று எதிர்க்கரையைப் பார்ப்பது, குழாய் வாயைத் தேடுவது, அது காய்ந்திருக்கிறதா ஒழுகுகிறதா என்று குறித்துக்கொள்வது. சிந்தாதிரிப்பேட்டையின் வளைவிலிருந்து எழும்பூர் பக்கம் போவதற்குள் காய்ந்தவை இரண்டு, ஒழுகுபவை ஏழு.

ஓரிடத்தில் தண்ணீர் மட்டத்தில் உடைந்த படிக்கட்டும், மேலே கூரையில்லாத சிறு மேடையும் தெரிந்தன. மேடை மேல் அரசமரக் கன்று முளைத்து ஆள் உயரம் ஆகியிருந்தது. பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் "இது என்னங்கய்யா?" என்று கேட்டேன். "அதுவா, படகுத்துறை" என்றார். "கலைஞர் போட் வுட்டாருல்ல, அதுக்குக் கட்னது. நான் ஏறிக்கிறேன்பா. மொத மாசம் நல்ல கூட்டம். அப்புறம் மூக்கைப் பொத்திக்கினு எவன் போவான்?"

1973இல் படகு விட்டதும் அது நீடிக்காமல் போனதும் ஊருக்குத் தெரிந்த கதை. எனக்கு அந்தப் படியைப் பார்க்கும்போது வேறொன்று தோன்றியது. படகுத்துறை கட்டினார்கள், படகு வாங்கினார்கள், விழா எடுத்தார்கள். படகுக்குக் கீழே இருக்க வேண்டிய தண்ணீரை மட்டும் கடைசிக்கு வைத்தார்கள். ஐம்பது வருடமாக இந்த ஆற்றில் நடந்த எல்லாத் திட்டத்துக்கும் வரிசை இதுதான். கண்ணுக்குத் தெரிவது முதலில். தெரியாதது பிறகு. பிறகு என்பது வருவதற்குள் ஆட்சி மாறிவிடும்.

புதுப்பேட்டைக்குள் போனதும் வாடை மாறியது. என்ஜின் ஆயில், துரு, எரிந்த ரப்பர். பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் கடைகள். ஒரு சைடு மிரர் 150 ரூபாய் என்று ஒருவர் கூவினார், நான் நடந்துகொண்டே இருந்ததில் 100க்கு இறங்கினார். தரையெல்லாம் கறுப்பு. தெருவோர வடிகால் மூடியின் இடுக்கில் வானவில் நிறத்தில் எண்ணெய் மினுங்கியது. அது எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்துகொள்ள ஐம்பது அடி நடந்தால் போதும்.

அங்கிருந்து லாங்ஸ் கார்டன் சாலை. இதைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுத வேண்டும். ஆற்றோரமாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். செடி வைத்திருக்கிறார்கள். உட்கார பெஞ்சு இருக்கிறது. இரண்டு பேர் வேக நடை போட்டார்கள், ஒரு பாட்டி பேரனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். முன்பு கரை இருந்த இருப்போடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். கூவம் மறுசீரமைப்பில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அதிகாரிகள் இந்த மாதிரி இடத்தைத்தான் காட்டுவார்கள், காட்டவும் வேண்டும்.

பெஞ்சில் உட்கார்ந்து எதிர்க்கரையைப் பார்த்தேன். வேலியின் வலைக்கு அந்தப் பக்கம் மூன்று குழாய் வாய்கள். மூன்றும் ஒழுகின. அவற்றில் ஒன்று வட்டக் குழாய், மிகவும் பழையது, வாய்க்குக் கீழே சுவர் முழுக்கக் கறுப்பாகப் பாசி வழிந்திருந்தது. எத்தனை வருடம் ஒழுகினால் சுவரில் இப்படி ஒரு தடம் விழும் என்று யோசித்துப் பாருங்கள். எதிரே பூங்கா கட்டியவர்களும் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்.

இதே பகுதியில்தான் கோமளீஸ்வரன்பேட்டை. பச்சையப்பன் கல்லூரிக்குப் பெயர் தந்த பச்சையப்ப முதலியார் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வாழ்ந்தவர். காலையில் கூவத்தில் குளித்துவிட்டுக் கோமளீஸ்வரர் கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். கோயில் இன்னும் இருக்கிறது. நான் போனபோது வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்தார்கள், முழம் 30 ரூபாய். குளிப்பதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆற்றில் குளிக்கலாம் என்றால் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். தண்ணீரில் கழிவு எவ்வளவு என்பதற்கு அது ஓர் அளவுகோல். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022இல் வெளியிட்ட அறிக்கையில், ஆவடியிலிருந்து சத்யா நகர் வரையிலான கூவத்தில் அது 345. நாடு முழுவதும் எடுத்த கணக்கில் அதுதான் உச்சம். அதாவது அண்ணா திட்டம் தொடங்கி ஐம்பத்தைந்து வருடம் கழித்து, இந்தியாவிலேயே முதல் இடம்.

பசித்தது. பக்கத்தில் ஓர் அம்மா உணவகம் இருந்தது. சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். இரண்டும் வாங்கினேன், எட்டு ரூபாய். சுவை சுமார், சூடு உண்டு, வயிறு நிறைந்தது. எனக்கு முன்னால் ஆட்டோ ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள், ஒரு கல்லூரி மாணவன். 2013இல் ஜெயலலிதா தொடங்கியது. ஆட்சி மாறியும் மூடவில்லை, விலையும் ஏற்றவில்லை. அரசியல்வாதி சொன்னால் செய்யவே மாட்டார் என்று பேசுகிறவர்கள் இங்கே ஒருமுறை வரிசையில் நிற்க வேண்டும். செய்கிறார்கள். தட்டோடு ஆள் நிற்கிற இடத்தில் செய்கிறார்கள். ஒருநாள் அடுப்பு எரியவில்லை என்றால் மறுநாளே அது செய்தி. குழாய் ஒழுகினால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? ஆற்றுக்கு ரேஷன் கார்டும் கிடையாது, வாக்காளர் அட்டையும் கிடையாது.

எத்திராஜ் சாலைப் பாலத்தைத் தாண்டி ஆயிரம் விளக்குப் பக்கம். கிரீம்ஸ் சாலையை ஒட்டிய ஆற்றங்கரையில் திடீர் நகர் இருந்தது. 2017 கடைசியில் அங்கிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் நாவலூருக்கும் அனுப்பினார்கள். இப்போது அங்கே வேலி. வேலிக்குள் புல்லும் கட்டட இடிபாடும். ஓரிடத்தில் ஒரு வீட்டின் நீலச் சுண்ணாம்புச் சுவர் முழங்கால் உயரத்துக்கு மிச்சம் நின்றது.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கூவம் திட்டத்தில் கரையோரக் குடும்பங்களை அகற்றுவது ஒரு பகுதி, கழிவுநீரைத் தடுத்துத் திருப்புவது இன்னொரு பகுதி. முதல் கட்டமாக 604 கோடியில் அறுபது வேலைகள் என்று பட்டியல் போட்டார்கள். பட்டியலில் எல்லாம் சமமாகத்தான் இருந்திருக்கும். களத்தில் பார்த்தால் எது வேகமாக நடந்தது என்பது தெரிகிறது. வீடு போய்விட்டது. குழாய் அப்படியே இருக்கிறது. கரையில் குடிசை போட்டவர் கழிவு ஆற்றில் கலந்தது உண்மை. ஆனால் இந்த மாதம் இங்கே ஒழுகும் நாலடி வடிகாலில் வருவது குடிசையின் கழிவு இல்லை. குடிசைதான் இல்லையே. சாலையின் அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்தும் உணவு விடுதிகளிலிருந்தும் வருவது. அவர்களை யாரும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்போவதில்லை. அனுப்பவும் வேண்டாம். இணைப்பைச் சாக்கடைக் குழாயில் கொடுத்தாலே போதும்.

கல்லூரிச் சாலைப் பாலத்தைத் தாண்டி மேலே நடந்தபோது ஆற்றின் குறுக்கே மிதக்கும் குப்பைத் தடுப்பு ஒன்று தெரிந்தது. அதில் பிளாஸ்டிக் பாட்டில், தெர்மாக்கோல், தேங்காய் மட்டை, ஒரு செருப்பு, ஓர் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. நன்றாகத்தான் வேலை செய்கிறது. மிதப்பதையெல்லாம் பிடித்து வைக்கிறது. கரைந்து வருவது அதன் அடியில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

சேத்துப்பட்டில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இளநீர் 60 ரூபாய். இங்கே ஆறு பாதி அகலம்தான். மீதிப் பாதியில் உயர்மட்டச் சாலைக்காகக் கொட்டிய மண். அதன் மேல் லாரி போகிறது, கம்பிக் கூடு நிற்கிறது, துளை போடும் இயந்திரம் தரையை அதிரவைக்கிறது. வேலை முடிந்ததும் மண்ணை எடுத்துவிடுவார்கள் என்று காவலுக்கு நின்றவர் சொன்னார். "கண்டிப்பா எடுத்துருவாங்க சார், ரூல் இருக்கு." சற்றுத் தள்ளி, வேலை முடிந்த தூண்களைச் சுற்றிப் பார்த்தேன். அங்கே மண்மேட்டில் புல் முளைத்துக் காய்ந்து மறுபடி முளைத்திருந்தது. விதியை விடப் புல்லுக்கு வயது அதிகம் போலத் தெரிந்தது.

சேத்துப்பட்டிலிருந்து அமைந்தகரைக்கு ஆட்டோ. நூற்றிருபது கேட்டார், நூறுக்கு வந்தார். ஆற்றைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் திரும்பி ஒருமுறை பார்த்தார். "இதுல பாக்க இன்னா கீது சார்? எங்க நைனா காலத்துலர்ந்து க்ளீன் பண்றாங்கோ. எலெக்சன் வந்தா போட் வரும். போச்சுன்னா போட் போய்டும்." சிரிக்கத்தான் செய்தார். கோபம் தீர்ந்துபோனவர்களிடம் மிஞ்சுகிற சிரிப்பு. எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது. திட்டுகிறவன் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறான்.

அமைந்தகரைப் பாலத்திலிருந்து அரும்பாக்கம் வரை மறுபடி நடை. இது வேறு மாதிரி வட்டாரம். புதிய அடுக்குமாடிகள், மருத்துவமனைகள், ஓட்டல்கள், பெரிய வணிக வளாகம். ஆறு இவற்றின் பின்வாசலில் ஓடுகிறது, எல்லாக் கட்டடமும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. கரைச்சுவரில் பெரிய வடிகால் வாய்களுக்கு நடுவே கையளவு பிளாஸ்டிக் குழாய்கள் அங்கங்கே எட்டிப் பார்க்கின்றன. எந்த வரைபடத்திலும் இல்லாதவை. ராத்திரியில் சுவரைத் துளைத்துச் செருகியவை. ஒன்றிலிருந்து வெந்நீர் வருகிறது போல, ஆவி பறந்தது.

அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகர்க் கரையில் நின்றேன். 2021 ஜூலையில், புதிய ஆட்சி வந்து மூன்று மாதம் ஆவதற்குள், இங்கே வீடுகளை இடித்தார்கள். எதிர்க்கட்சியாக இருந்தபோது அகற்றுதலைக் கண்டித்தவர்கள்தான் அப்போது ஆளுங்கட்சி. அகற்றப்பட்டவர்களுக்குப் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் வீடு தந்தார்கள். அந்தக் கட்டடத்தின் பூச்சு விரலால் சுரண்டினாலே உதிர்ந்தது அடுத்த மாதமே சட்டமன்றம் வரை போனது. அந்த வீட்டைக் கட்டியது முந்தைய ஆட்சி, குடியேற்றியது புதிய ஆட்சி. இருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார். ஆற்றோரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்குப் போனவர். இங்கே மூன்று வீட்டில் பாத்திரம் துலக்குகிறார், அதனால் தினமும் திரும்பி வருகிறார். "காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பணும்பா. ரெண்டு பஸ்சு. பொம்பளைக்கு ஃப்ரீதான், அத்த சொல்லணும். காசு கேக்கல. ஆனா போக வர நாலு மணி நேரம் போவுது, அத்த யாரு குடுப்பா?" பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பது 2021 மே 7 அன்று, ஸ்டாலின் முதல்வராகப் பதவியேற்ற நாளிலேயே கையெழுத்தான வாக்குறுதி. மறுநாளே நடைமுறைக்கு வந்தது. அந்தப் பேருந்தில்தான் அவர் இப்போது போகிறார். "ஆத்த சுத்தம் பண்ணத்தாம்மா உங்கள அனுப்புனாங்க, பாத்தீங்களா?" என்று கேட்டேன். ஆற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நாங்க போயி இத்தன வருசம் ஆவுது, இன்னும் எங்க அழுக்குதான் ஓடுதா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்று தேடினால்தான் சிக்கல் புரிகிறது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. ஆறு நீர்வளத் துறையுடையது. கரை நிலம் வருவாய்த் துறையுடையது. குடும்பங்களை அகற்றிக் குடியமர்த்துவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். தூண் தேசிய நெடுஞ்சாலை ஆணையம். இவர்களையெல்லாம் சேர்த்து வைக்கச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. ஒழுகுகிற ஒரு குழாயைக் காட்டி யாருடையது என்று கேட்டால் ஒவ்வொருவரும் நியாயமான காரணத்தோடு அடுத்தவரைக் காட்டலாம். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. இத்தனை துறைக்கும் மேலே உட்கார்ந்து இதை நேராக்க வேண்டியவர் ஒருவர்தான், முதலமைச்சர். மேடையில் ஆற்றைப் பற்றிப் பேசுவதும் அவர்தான்.

மாலை நான்கு மணிக்குக் காகிதத்தைக் கூட்டிப் பார்த்தேன். நின்று தெளிவாகப் பார்க்க முடிந்த வாய்களில் காய்ந்தவை பதினொன்று, ஒழுகுபவை முப்பத்துநான்கு. இது ஒருவன் ஒரு பகலில் கரையில் நின்று எடுத்த கணக்கு, வேலிக்குப் பின்னால் இருப்பவை சேரவில்லை. ஆனால் காய்ந்த பதினொன்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவற்றில் சிலவற்றின் வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்திருந்தார்கள், மேலே எண் எழுதியிருந்தது. யாரோ ஒரு பொறியாளர் அந்தத் தெருவின் இணைப்புகளைத் தேடிப்பிடித்துச் சாக்கடைக் குழாயில் சேர்த்திருக்கிறார். அதற்கு ஒரு விழா நடந்திருக்காது, ஒரு கல்வெட்டும் இல்லை. அதாவது செய்ய முடிகிற வேலைதான். தெருத்தெருவாக, வீடு வீடாக, மண்ணுக்கு அடியில் செய்கிற வேலை. திறந்துவைக்க ரிப்பன் கட்ட இடமில்லாத வேலை.

எல்லாக் கட்சித் தலைவர்களும் கூவத்தைப் பற்றிச் சொன்னதில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. ஆறு கடைசியில் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். படகு போகும், பூங்கா வரும், லண்டன் போல, சிங்கப்பூர் போல ஆகும். எந்தத் தெருவின் சாக்கடையை எந்த மாதத்துக்குள் நிறுத்துவோம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கனவுக்குத் தேதி இல்லை. தேதி இல்லாததால் தவறவிட்டார் என்று யாரையும் பிடிக்கவும் முடியவில்லை.

ஆகவே, அடுத்த தேர்தலுக்கு உங்கள் தெருவுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சியானாலும், கூவத்துக்கு எத்தனை கோடி என்று கேட்காதீர்கள். கோடி எப்போதும் தயாராக இருக்கிறது. எங்கள் வார்டில் ஆற்றில் விழும் வடிகால் எத்தனை, அதில் எத்தனை ஒழுகுகிறது, எதை எந்த மாதம் அடைப்பீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். பிறகு ஒரு பங்குனியில் பக்கத்துப் பாலத்தில் போய் நின்று பாருங்கள். வாய் காய்ந்திருந்தால் செய்திருக்கிறார்கள். ஒழுகினால் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.